பொட்டலம் எத்தனை கிராம்? போதைப்பொருள் சட்ட விவாதத்துக்குத் தயாராகும் வழி

‘போதைப்பொருளைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கலாமா’ என்று விவாத மேடையில் தலைப்புக் கொடுத்தால், ஒரு தரப்பு, சிறு அளவு வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிய போர்ச்சுகலில் தொடங்கும். மறுதரப்பு ‘நம்ம பிள்ளைங்க கதி என்ன ஆகும்’ என்று தொடங்கும். மணி அடிக்கும்வரை இரண்டு தரப்பும் பேசும். எந்தப் பொருள், எத்தனை கிராம், யார் கையில் என்று மட்டும் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மேடையில் பேசப்போகிறவருக்கும், கட்டுரை எழுதுகிறவருக்கும், அரசுக்கு மனு கொடுக்க நினைக்கிறவருக்கும் இந்தக் குறிப்புகள் பயன்படும். எந்தப் பக்கம் நின்றாலும் தயாரிப்பு ஒன்றுதான்.

முதலில் சொற்களைப் பிரித்து வையுங்கள்

தடை, குற்றநீக்கம், சட்டபூர்வமாக்கல் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் கலந்து பேசுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பிரித்துப் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒருவர் சட்டைப் பையில் ஒரு கிராம் இருக்கிறது, போலீஸ்காரர் பார்த்துவிட்டார். அடுத்து என்ன நடக்கும்?

கைது, எஃப்.ஐ.ஆர்., கோர்ட் என்று போனால் அது தடை. பொருளைப் பறிமுதல் செய்து, அபராதச் சீட்டோ ஆலோசனைக் குழுவுக்கு அழைப்போ கொடுத்து, குற்றப் பதிவு இல்லாமல் முடிந்தால் குற்றநீக்கம். விற்றவர் அப்போதும் குற்றவாளிதான். கடையில் வாங்கிய ரசீதைக் காட்டிவிட்டு அவர் நடையைக் கட்டலாம் என்றால் சட்டபூர்வமாக்கல். கஞ்சா விஷயத்தில் கனடாவில் 2018 முதல் இருப்பது இந்த மூன்றாவது வகை.

எதிர்த்தரப்பு ‘டாஸ்மாக் மாதிரி கஞ்சாக் கடை திறக்கச் சொல்றீங்களா’ என்று கேட்கும். நீங்கள் பேசுவது இரண்டாவது வகை என்றால் அதை அங்கேயே திருத்திவிடுங்கள். விட்டுவிட்டால் மிச்ச நேரம் முழுக்க வேறொருவர் தலைப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

இந்தியச் சட்டம் நோக்கத்தைக் கேட்பதில்லை, எடையைக் கேட்கிறது

1985 நவம்பர் 14 முதல் அமலில் இருக்கும் என்.டி.பி.எஸ். சட்டத்தின், அதாவது போதைப்பொருள்கள், மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சட்டமும் படிக்க நேரமில்லாதவர்கள் 2, 20, 21, 22, 27, 37, 39, 64ஏ ஆகிய பிரிவுகளையாவது படிக்க வேண்டும்.

27-வது பிரிவு உட்கொள்வதைப் பற்றியது. கோகைன், மார்ஃபின், ஹெராயின் போன்றவை என்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கஞ்சா உள்ளிட்ட மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரை, அல்லது 10,000 ரூபாய் வரை, அல்லது இரண்டும். இதைப் பார்த்துவிட்டு ‘நம் சட்டத்தில் பயன்படுத்துகிறவருக்குத் தண்டனை குறைவுதானே’ என்று பலர் முடித்துக்கொள்கிறார்கள். கோட்டைவிடும் இடம் அதுதான். 2001 திருத்தத்துக்கு முன் ‘சொந்த உபயோகத்துக்காகச் சிறு அளவு வைத்திருப்பது’ என்பதும் 27-க்குள் இருந்தது. திருத்தத்துக்குப் பின் அந்தப் பிரிவில் மிஞ்சியது உட்கொள்ளல் மட்டும். கையில் வைத்திருப்பது என்று வந்துவிட்டால், சொந்த உபயோகமா விற்பனையா என்ற கேள்வி பின்னுக்குப் போய், தராசு முன்னுக்கு வந்துவிடுகிறது.

அந்தத் தராசின் படிக்கற்கள் 2001 அக்டோபர் 19-ஆம் தேதி அறிவிக்கையில் இருக்கின்றன. முதல் எண்ணுக்குக் கீழே இருந்தால் சிறு அளவு, இரண்டாவதைத் தாண்டினால் வணிக அளவு.

கஞ்சா: 1 கிலோ, 20 கிலோ
சரஸ் (கஞ்சாப் பிசின்): 100 கிராம், 1 கிலோ
அபின்: 25 கிராம், 2.5 கிலோ
ஹெராயின்: 5 கிராம், 250 கிராம்
கோகைன்: 2 கிராம், 100 கிராம்
மெத்தாம்ஃபெட்டமின்: 2 கிராம், 50 கிராம்
எம்.டி.எம்.ஏ. (எக்ஸ்டசி மாத்திரை): 0.5 கிராம், 10 கிராம்
எல்.எஸ்.டி. (மாயத்தோற்றம் தரும் மருந்து): 0.002 கிராம், 0.1 கிராம்

சிறு அளவுக்கு ஓராண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. நடுவில் மாட்டினால் பத்தாண்டு வரை, ஒரு லட்சம் வரை. வணிக அளவு என்றால் குறைந்தது பத்தாண்டு, கூடினால் இருபது. அதற்குமேல் 37-வது பிரிவின் பூட்டு வேறு. குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே விட்டால் மறுபடி குற்றம் செய்ய மாட்டார் என்று நீதிமன்றத்துக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் ஜாமீன். விசாரணை தொடங்கும் முன்பே கிட்டத்தட்ட தீர்ப்புச் சொல்லச் சொல்வது போன்ற நிபந்தனை இது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவும் போலீசுக்கு 180 நாள் அவகாசம்.

இப்போது 900 கிராம் கஞ்சாவை மனதில் ஒரு தட்டில் வையுங்கள். இந்தியாவில் அது சிறு அளவு. விற்கக் கொண்டுபோனாலும் உச்சம் ஓராண்டுதான். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கடத்தியது நிரூபணமானால் தூக்கு. 2023 ஏப்ரலில் ஏறக்குறைய ஒரு கிலோ கஞ்சா தொடர்பான வழக்கில் தமிழர் ஒருவர் அங்கே தூக்கிலிடப்பட்டார். போர்ச்சுகலில் 25 கிராம் வரைதான் சொந்த உபயோகக் கணக்கு. ஆக, கஞ்சாவில் இந்தியாவின் ‘சிறு அளவு’ போர்ச்சுகலைவிட நாற்பது மடங்கு தாராளம்.

மாத்திரைகளில் கதை தலைகீழ். எம்.டி.எம்.ஏ. மாத்திரை ஒன்றின் எடை சுமார் 0.3 கிராம் என்று வைத்தால், இரண்டு மாத்திரையிலேயே சிறு அளவு தாண்டிவிடும். முப்பத்தைந்து மாத்திரை வணிக அளவு. நண்பர்கள் நாலு பேருக்குச் சேர்த்து வாங்கிவந்த கல்லூரி மாணவர் பத்தாண்டுச் சிறைக்கான பத்தியில் போய் நிற்பதும், முக்கால் கிலோ கஞ்சாவைப் பொட்டலம் கட்டி விற்கிறவர் ஓராண்டுப் பத்தியில் நிற்பதும் ஒரே சட்டத்தில்தான்.

மொத்த எடையா, சரக்கின் எடையா

நீதிமன்றச் செய்திகளைப் படிக்கும்போது இந்த ஒரு புள்ளி பிடிபடாவிட்டால் எதுவும் பிடிபடாது. தெருவில் கிடைக்கும் ஹெராயின் சுத்தமாக இருப்பதில்லை. வேறு பொடிகளைக் கலந்திருப்பார்கள். 2008-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில் பிடிபட்டது 4.07 கிலோ பொடி. ஆய்வகத்தில் மாதிரிகளில் ஹெராயின் 1.4, 1.6 சதவீதம். கணக்குப் போட்டால் 60 கிராம் சொச்சம். மொத்த எடையைப் பார்த்தால் வணிக அளவு, உள்ளே இருக்கும் சரக்கைப் பார்த்தால் இடைப்பட்ட அளவு. நீதிமன்றம் சரக்கைப் பார்த்தது. மத்திய அரசு 2009 நவம்பரில் அறிவிக்கையில் ஒரு குறிப்பைச் சேர்த்து, கலவை முழுவதையும் எடைபோடச் சொன்னது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு பழைய தீர்ப்பைத் தள்ளிவிட்டு, மொத்த எடைதான் கணக்கு என்றது.

தடையை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணத்திலும் சாரம் உண்டு: தெருவில் சுத்தமான சரக்கு விற்பதே இல்லை, கலவையாகத்தான் ஆட்களைக் கொல்கிறது. எதிர்ப்பவர்களின் பதில்: கலப்படம் கூடக்கூட வாங்கினவரின் தண்டனையும் கூடுகிறது, கலந்தது அவர் இல்லை. எல்.எஸ்.டி.யில் இது விநோதமாகிவிடும். தபால்தலையைவிடச் சின்னக் காகிதத் துண்டே 10 மில்லிகிராமுக்கு மேல் எடை இருக்கும், அதில் ஊறியிருக்கும் மருந்தோ ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு அளவு. காகிதத்தையும் சேர்த்து எடைபோட்டால் பத்துத் துண்டிலேயே வணிக அளவு வந்துவிடும். காகிதம் கலவையா வெறும் சுமையா என்று உயர் நீதிமன்றங்களில் வாதம் நடந்திருக்கிறது.

கஞ்சாவிலும் ஒரு சிக்கல் உண்டு. சட்டத்தின் 2-வது பிரிவுப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகள். நுனி இல்லாத தனி இலையும் விதையும் அதில் வராது. வடக்கே கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கு விற்பது இந்த விலக்கினால்தான். செடியைத் தண்டு, வேர், மண்ணோடு பிடுங்கி மூட்டையாக எடைபோட்டு, பறிமுதல் மகஜரில் ‘22 கிலோ கஞ்சா’ என்று எழுதியிருந்தால், நுனி மட்டும் எத்தனை கிலோ என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஏட்டில் ஏற்கெனவே இருக்கும் வாசல்

குற்றநீக்கம் கேட்கிறவர்களிடம் ‘64ஏ இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது. 27-வது பிரிவிலோ சிறு அளவு வழக்கிலோ குற்றம் சாட்டப்பட்ட போதை அடிமை, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் அவர்மீது வழக்கு நடத்தக்கூடாது. தண்டனைக்குப் பிறகு, சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப 39-வது பிரிவும் வழி தருகிறது.

இந்த வாசல் ஏன் அதிகம் திறப்பதில்லை? சட்டத்தின் வார்த்தையிலேயே காரணம் இருக்கிறது. இது ‘அடிமை’க்கு மட்டும். எப்போதாவது பயன்படுத்துகிறவருக்கு நோய் இல்லை, ஆகவே சலுகையும் இல்லை. நிலைமை மோசமாக இருக்கிறவருக்குச் சலுகை, லேசாக இருக்கிறவருக்கு வழக்கு. அடுத்து, சிகிச்சையை முழுதாக முடிக்காவிட்டால் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம் என்கிறது. போதை மீட்பில் நடுவில் வழுக்கி விழுவது சகஜம் என்பது சிகிச்சை தருகிறவர்களுக்குத் தெரியும், இந்த வரிக்குத் தெரியாது. மூன்றாவது, கைதான அன்று இதைச் சொல்லித்தர யாரும் இல்லை. உங்கள் பக்கம் தடை என்றாலும் குற்றநீக்கம் என்றாலும், 64ஏ-வை எப்படிச் சரிசெய்வீர்கள் என்று சொல்ல முடிந்தால் மேடையில் பாதி வேலை முடிந்தது.

போர்ச்சுகல் என்று சொல்வதற்கு முன்

போர்ச்சுகல் ‘எல்லாவற்றையும் விட்டுவிட்டது’ என்று சொன்னால் விவரம் தெரிந்த எதிராளி அங்கேயே மடக்கிவிடுவார். இயந்திரம் இப்படி வேலை செய்கிறது. 2000-ஆம் ஆண்டின் 30-வது சட்டம், 2001 ஜூலை 1 முதல் அமல். வாங்குவதும் வைத்திருப்பதும் இன்னும் தடைதான், குற்றம் என்ற தகுதி மட்டும் போய்விட்டது. அளவு: பத்து நாள் உபயோகம். ஹெராயின் 1 கிராம், கோகைன் 2 கிராம், எம்.டி.எம்.ஏ. 1 கிராம், கஞ்சா 25 கிராம், கஞ்சாப் பிசின் 5 கிராம்.

போலீஸ் பொருளைப் பறிமுதல் செய்து, ஆளை மாவட்டத்தின் தடுப்புக் குழுவிடம் அனுப்புகிறது. 72 மணி நேரத்துக்குள் அவர் அங்கே போக வேண்டும். மூன்று பேர் குழு: ஒருவர் சட்டம் தெரிந்தவர், மற்ற இருவர் மருத்துவம், உளவியல், சமூகப்பணித் துறைக்காரர்கள். கூண்டு இல்லை, அங்கி இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இவர் எப்போதாவது பயன்படுத்துகிறவரா, அடிமையாகிவிட்டவரா என்று பார்க்கிறார்கள். முதல் முறை வந்த, அடிமையாகாதவரின் வழக்கை நிறுத்திவைக்கிறார்கள். அடிமையானவர் சிகிச்சைக்குச் சம்மதித்தாலும் அப்படியே. அடிமைக்குப் பண அபராதம் கிடையாது, அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று அவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அபராதமோ, சில இடங்களுக்குப் போகத் தடையோ விதிக்கலாம்.

ஊசி வழியாகப் போதை ஏற்றிக்கொண்டவர்களிடையே புதிய எச்.ஐ.வி. தொற்று 2000-த்தை ஒட்டி ஆண்டுக்கு ஆயிரம் அளவில் இருந்தது, பதினைந்து ஆண்டுகளில் நூறுக்குக் கீழே இறங்கியது. இதைச் சொல்லும்போது நேர்மையாக இன்னொன்றையும் சொல்லுங்கள்: சட்டம் மாறிய அதே காலத்தில் ஹெராயினுக்கு மாற்றாக மருந்து கொடுக்கும் மெத்தடோன் சிகிச்சையும் ஊசி மாற்றும் ஏற்பாடும் விரிந்தன. பலனில் எத்தனை பங்கு எதற்கு என்று பிரிப்பது கடினம். 2012-ல் சிக்கன நடவடிக்கையின்போது தேசிய அமைப்பைக் கலைத்து, சிகிச்சையைப் பிராந்திய சுகாதார நிர்வாகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அதன்பின் வந்த புகார்களைக் காட்டித்தான் இன்று எதிர்ப்பாளர்கள் பேசுகிறார்கள்.

ஓரிகன் ஏன் பின்வாங்கியது

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2020 நவம்பரில் மக்கள் வாக்களித்து 110-வது முன்மொழிவை நிறைவேற்றினார்கள், சுமார் 58 சதவீத ஆதரவு. 2021 பிப்ரவரி 1 முதல், சிறு அளவு வைத்திருந்தால் 100 டாலர் சீட்டு. ஒரு எண்ணுக்கு போன் செய்து உடல்நலப் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டால் அதுவும் ரத்து.

பெரும்பாலோர் போனும் செய்யவில்லை, பணமும் கட்டவில்லை. கட்டாவிட்டாலும் மேல்நடவடிக்கை எதுவும் கிடையாது. போர்ச்சுகலில் மேசைக்கு மறுபக்கம் மூன்று பேர் இருந்தார்கள், இங்கே இருந்தது ஒரு காகிதம். சிகிச்சைக்கான பணம் கையில் வந்து சேரவே ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஆனது. அதே நேரத்தில் அமெரிக்காவின் மேற்குக் கடற்கரை மாநிலங்கள் முழுக்க ஃபெண்டனில் என்ற வீரியம் மிகுந்த செயற்கைப் போதைமருந்து பரவியது, சாவுகள் கூடின. சட்டம் எவ்வளவு காரணம், ஃபெண்டனில் எவ்வளவு காரணம் என்று ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. தெருவில் பார்த்த மக்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. 2024 செப்டம்பர் 1 முதல் வைத்திருப்பது மறுபடியும் குற்றம்.

குற்றநீக்கம் பேசுகிறவர் ஓரிகனைத் தானே முதலில் எடுத்து வைப்பது நல்லது. கைதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றும் வைக்காவிட்டால் இப்படித்தான் ஆகும் என்பது அவருடைய வாதத்தின் பகுதியாகிவிடும். விட்டால் எதிராளியின் துருப்புச்சீட்டு.

எண்களில் வழுக்கும் இடங்கள்

பிடிபட்ட கிலோக்கணக்கு எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லாது. 2021 செப்டம்பரில் முந்த்ரா துறைமுகத்தில் ஒரே சரக்கில் ஏறக்குறைய 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. அந்த ஆண்டின் வரைபடத்தில் அது மலைபோல நிற்கும், பயன்படுத்துகிறவர் தொகை ஒரே நாளில் மலையாகிவிடவில்லை. வழக்குகளின் எண்ணிக்கையும் அப்படித்தான், புதிய தனிப்படை அமைத்தாலே கூடும்.

பயன்பாட்டுக்கு, சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வைப் பாருங்கள். 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 2.8 சதவீதம், அதாவது சுமார் 3.1 கோடிப் பேர், முந்தைய ஓராண்டில் கஞ்சாச் செடிப் பொருள்களைப் பயன்படுத்தியவர்கள். ‘3.1 கோடிக் குற்றவாளிகளா’ என்று கேட்டுவிடாதீர்கள். அதில் பாங்கு பயன்படுத்தியவர்கள் சுமார் 2.2 கோடி, தடை உள்ள கஞ்சா, சரஸ் சுமார் 1.3 கோடி. இரண்டும் பயன்படுத்துகிறவர்கள் இருப்பதால் கூட்டினால் கணக்கு இடிக்கும். மது 14.6 சதவீதம் என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஐ.நா.வே கஞ்சாவை விட்டுவிட்டது’ என்ற வரியை வெட்டிவிடுங்கள். 2020 டிசம்பரில், ஐ.நா.வின் 1961 போதைப்பொருள் உடன்படிக்கையில் மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள நான்காம் அட்டவணையிலிருந்துதான் எடுத்தார்கள். ஆதரவு 27 வாக்கு, எதிர்ப்பு 25, இந்தியாவும் ஆதரித்தது. கட்டுப்பாட்டில் உள்ள பொருள்களின் முதல் அட்டவணையில் கஞ்சா அப்படியே இருக்கிறது. மறுதரப்பு ‘உடன்படிக்கை இடம் தராது’ என்றால், சொந்த உபயோகத்துக்குத் தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சை தரலாம் என்று 1988 உடன்படிக்கையின் 3-வது விதியே சொல்வதைக் காட்டுங்கள்.

தமிழ் மேடையில் மதுவிலக்கு வராமல் இருக்காது. சேலத்தில் 1937-ல் தொடங்கி 1971-ல் தளர்ந்த கதையைத் தடைக்கு எதிராகச் சொல்வார்கள். பொருந்தும், ஆனால் அரைகுறையாக. டாஸ்மாக் திறந்திருக்கும்போதே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கடை திறந்தால் கள்ளச் சந்தை தானாகச் செத்துவிடும் என்பவருக்கு அது சங்கடமான பதில். கடைச் சரக்கின் விலைக்கும் கூலிக்காரரின் பைக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் அந்தப் பாக்கெட் விற்றது. இதே தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை என்பது தனி விவாதம், உள்ளே போனால் வெளியே வர நேரமாகும்.

கோரிக்கையை எழுதும்போது

எம்.எல்.ஏ.வுக்கு ‘சட்டத்தைத் திருத்துங்கள்’ என்று மனு எழுதினால் தபால் செலவுதான் மிச்சம். என்.டி.பி.எஸ். மத்தியச் சட்டம். வாசல்கள் மூன்று. 27, 64ஏ பிரிவுகளின் வார்த்தை மாற வேண்டுமென்றால் நாடாளுமன்றம், ஆகவே எம்.பி. எடை அட்டவணை மாற வேண்டுமென்றால் சட்டத்திருத்தம் தேவையில்லை, மத்திய அரசின் அறிவிக்கை போதும். அதைக் கவனிப்பது நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறை. சிகிச்சை மையங்கள், அங்கீகாரம், போலீசுக்குச் சுற்றறிக்கை ஆகியவை மாநிலத்தின் கையில்.

வாசகத்தைக் குறுகலாக வைத்துக்கொள்ளுங்கள். ‘போதைப்பொருள் பயன்பாட்டைக் குற்றமற்றதாக்குக’ என்று எழுதினால் எதையும் கேட்டதாக ஆகாது. ‘64ஏ-வில் அடிமை என்ற சொல்லுக்குப் பதில் நபர் என்று மாற்றி, சிகிச்சை நடுவில் நின்றால் பாதுகாப்பு போகும் என்ற வரியை நீக்குக’ என்றால் அது ஒரு கோரிக்கை. ‘எம்.டி.எம்.ஏ.வுக்குச் சிறு அளவை இத்தனை கிராம் ஆக்குக’ என்றால் இன்னொன்று. மாநிலத்திடம் என்றால், ‘சிறு அளவு வழக்கில் கைதானவருக்கு 64ஏ பற்றித் தமிழில் எழுதிய தாளைக் காவல் நிலையத்திலேயே கொடுத்துக் கையெழுத்து வாங்குக’.

எந்த எண்ணைக் கேட்டாலும் ஒரு கேள்வி திரும்பி வரும்: விற்கிறவன் அந்த எண்ணுக்கு ஒரு கிராம் குறைவாகத்தானே வைத்துக்கொண்டு அலைவான்? ஆம், அலைவான். போர்ச்சுகல் 2023-ல் தன் பத்து நாள் வரம்பை வெறும் அடையாளமாக மாற்றியது. வரம்பைத் தாண்டினாலும் சொந்த உபயோகம் என்று தெரிந்தால் குழுவுக்கு அனுப்பலாம், வரம்புக்குள் இருந்தாலும் விற்றதற்கு ஆதாரம் இருந்தால் வழக்குப் போடலாம். சின்னத் தராசு, வெற்றுப் பொட்டலக் கவர்கள், கடன் நோட்டு போன்றவை அப்படிப்பட்ட ஆதாரம். இந்த வழியில் போலீசுக்கு விருப்புரிமை கூடும். ஏழைப் பையனின் பையில் கிடைத்த காலிக் கவர் ஆதாரமாகவும், வசதியானவர் காரில் கிடைத்தது குப்பையாகவும் ஆகிவிடும் ஆபத்து உண்டு. எண் வேண்டுமா, விருப்புரிமை வேண்டுமா என்று உங்கள் மனுவிலேயே முடிவு செய்து எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மனுவைப் படிக்கிற அதிகாரி ‘பரிசீலிக்கப்படும்’ என்று ஒரு வரி எழுதிக் கட்டிவைத்துவிடுவார்.